கேலக்ஸிக் கொத்துக்குள்ள இருக்கிற தூசியை எப்படி அளக்கிறாங்க?

இரவுக்காவல்:

வணக்கம் நண்பர்களே. போன வாரம் கோமா கொத்தைப் பத்தி ஒரு கட்டுரை படிச்சேன். 32 கோடி ஒளியாண்டு தூரம், ஆயிரத்துக்கும் மேல கேலக்ஸிகள், அதுங்களுக்கு நடுவுல கிட்டத்தட்ட 10 கோடி டிகிரி சூட்டுல வாயு. இது வரைக்கும் புரிஞ்சுது. கடைசிப் பத்தியில ஒரு வரி: கொத்துகள்ல கேலக்ஸிகளுக்கு இடையே தூசி இருக்கிறதை பிளாங்க் செயற்கைக்கோள் கண்டுபிடிச்சிருச்சுன்னு. அங்கேயே நின்னுட்டேன்.

அவ்வளவு சூட்டுல தூசி எப்படிங்க மிஞ்சும்? மிஞ்சினாலும், நம்ம பால்வீதிக்குள்ளேயே வழியெல்லாம் தூசி கிடக்கு. நம்ம தூசி எது, அங்கே இருக்கிற தூசி எதுன்னு எப்படிப் பிரிக்கிறாங்க? கணக்கு வந்தாலும் பரவாயில்லை, பொறுமையா படிப்பேன்.

கண்ணாடிவில்லை:

நல்ல கேள்வி தம்பி. நான் 30 வருஷம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். தூசியை எப்போதும் போகியில்தான் ஆரம்பிப்பேன். போகி அன்று விடியற்காலை மேம்பாலத்தில் நின்று தெருவிளக்கு வரிசையைப் பாருங்கள். கிட்டத்து விளக்கு வெள்ளையாக இருக்கும். நாலைந்து விளக்கு தள்ளிப் பார்த்தால் மங்கிவிடும், கூடவே பழுப்புச் சிவப்பாகவும் மாறியிருக்கும். புகைத்துகள் நீல ஒளியை அதிகம் மறைக்கிறது, சிவப்பை அவ்வளவாக மறைப்பதில்லை. ஆக, தூசி இருந்தால் பின்னாலிருக்கும் ஒளிக்கு இரண்டு நடக்கும்: மங்கும், சிவக்கும். கொத்துக்குள் இருக்கும் தூசியைத் தேடிய வரலாறே இந்த இரண்டில் எதை நம்புவது என்ற வரலாறுதான்.

முதலில் மங்கலை நம்பினார்கள். கோமாவில் கண்ணுக்குத் தெரியாத நிறை இருப்பதாக 1933-இல் சொன்ன அதே ஃபிரிட்ஸ் ஸ்விக்கிதான் இங்கேயும் முதல் ஆள். கோமாவின் திசையில், அதற்குப் பின்னால் தெரிய வேண்டிய தொலைதூரக் கொத்துகளை எண்ணினார். பக்கத்து வானத்தைவிட எண்ணிக்கை குறைந்தது. தூசி மறைக்கிறது என்று முடிவு கட்டி, 1962-இல் 0.4 மேக்னிட்யூட் (ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதை வானியலில் அளக்கும் அலகு) என்று அளவும் சொன்னார். அப்படியென்றால் பின்னாலிருந்து வரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நமக்கு வந்து சேரவில்லை. 1969-இல் கராசென்ட்செவும் லிப்போவெட்ஸ்கியும் பல கொத்துகளைப் பார்த்து 0.2 என்றார்கள்.

பிறகு குவேசார்களுக்கு, அதாவது மிகத் தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்களுக்கு, போனார்கள். 1988-இல் பாயில், ஃபாங், ஷாங்க்ஸ் மூவரும், கொத்துகளுக்குப் பின்னால் குவேசார்கள் சுமார் 30 சதவீதம் குறைகின்றன என்று காட்டினார்கள். 1992-இல் ரோமானியும் மாவோஸும் அதே பக்கம் கை காட்டினார்கள். அந்தக் காலத்தில் கொத்துகளில் தூசி இருக்கிறது என்பது ஏறத்தாழ நிலைபெற்ற கருத்து.

நீலமலை:

ஐயா, ஒரு சந்தேகம். தூரத்துப் பொருள் எல்லாமே செம்பெயர்ச்சியால, அதாவது பிரபஞ்சம் விரியறதால ஒளி அலை நீண்டு, சிவப்பாத்தானே தெரியும்? அதையும் தூசி பண்ற சிவப்பையும் எப்படிப் பிரிப்பாங்க?

கண்ணாடிவில்லை:

எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை தடுக்குவார்கள், கேட்டது நல்லது. செம்பெயர்ச்சியில் நிறமாலை முழுக்க இடம் நகரும். அந்தந்தத் தனிமம் அதில் பதிக்கும் ஹைட்ரஜன் கோடு, மெக்னீசியம் கோடு எல்லாம் ஒரே விகிதத்தில் தள்ளிப்போகும். தூசியில் ஒரு கோடுகூட நகராது. எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, நீலப் பக்கம் மட்டும் தாழும். துணி துவைத்துச் சாயம் போவது ஒன்று, துணியையே வேறு கொடிக்கு மாற்றிப் போடுவது வேறு. நிறமாலை கையில் இருந்தால் குழப்பமே வராது. நான் இனி இதைச் “சிவப்பேற்றம்” என்றே சொல்கிறேன், செம்பெயர்ச்சியோடு கலக்காமல் இருக்க.

தூரநோக்கி:

ஐயா சொன்ன எண்ணிக்கைக் கதையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. பின்னால இருக்கிறது குறைவா தெரியுதுன்னா, தூசிதான் மறைச்சதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? கொத்து இருக்கிற இடம் நெரிசல். பிரகாசமான கேலக்ஸிகள் நடுவுல மங்கலான ஒன்னைக் கண்டுபிடிக்கிறதே கஷ்டம், எண்ணும்போது தவறிப்போகும். அது ஒன்னு. அடுத்தது ஈர்ப்பு வில்லை. கொத்தோட நிறை பின்னணி வானத்தை உருப்பெருக்கி விரிச்சுடும். அதனால எந்தப் பிரகாசத்துல எண்ணுறோம்ங்கிறதைப் பொறுத்து எண்ணிக்கை கூடவும் செய்யும், குறையவும் செய்யும். தூசியே இல்லாம வில்லையாலயே குவேசார் குறையலாம்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச பதில் 1995-ல மாவோஸ் கொடுத்தது. மூணு வருஷத்துக்கு முன்னாடி தூசி இருக்குன்னு சொன்னவங்கள்ல அவரும் ஒருத்தர். இந்தத் தடவை ரேடியோவால கண்டுபிடிச்ச குவேசார்களை மட்டும் எடுத்துக்கிட்டார். ரேடியோ அலை தூசியைக் கண்டுக்காது, நேரா வந்துரும். அதனால தூசி இருக்கு இல்லைங்கிறதால பட்டியல்ல ஆள் விட்டுப்போகாது. அந்தக் குவேசார்கள்ல கொத்துக்குப் பின்னால இருக்கிறதோட நிறத்தை, வெட்டவெளிக்குப் பின்னால இருக்கிறதோட ஒப்பிட்டார். வித்தியாசமே இல்லை. நிறமிகை, அதாவது தூசியால நிறம் எவ்வளவு சிவப்பாச்சுங்கிற அளவு, 0.05 மேக்னிட்யூடுக்கும் கீழன்னு வரம்பு போட்டார். தான் முன்னாடி சொன்னதையே தூக்கி நிறுத்தி சோதிச்சுப் பார்த்த அந்த நேர்மைக்காகவே அந்தக் கட்டுரை எனக்கு ரொம்ப இஷ்டம்.

அப்புறம் வானத்தைப் பெரிய அளவுல படம்பிடிச்சு நிறமாலை எடுத்த ஸ்லோன் வான் அளவை வந்துச்சு, அளவுகோலே மாறிருச்சு. ஒரு குவேசாரோட இயல்பான நிறம் ஆளுக்கு ஆள் 0.15 மேக்னிட்யூட் அளவுக்கு முன்னப்பின்ன இருக்கும்னு வெச்சுக்குவோம். 0.003 அளவு சிவப்பேற்றத்தைச் சந்தேகமில்லாம பிடிக்கணும்னா, சராசரியோட பிழை 0.001 ஆகணும். 0.15-ஐ 0.001 ஆல வகுத்து வர்க்கப்படுத்துங்க: 22,500 குவேசார். ஒரு சதுர டிகிரிக்குச் சில பத்துக்கு மேல தேறாது. அதனால ஒரே கொத்தை வெச்சு ஒன்னும் முடியாது. ஆயிரக்கணக்கான கொத்துகளை ஒன்னு மேல ஒன்னா அடுக்கி, மையத்திலிருந்து இவ்வளவு தூரத்துல நிறம் என்னன்னு சராசரி எடுக்கணும். 2007-ல செலூச், கோஸ்டர், போவன் அப்படிப் பண்ணி, ஆயிரத்துல சில மேக்னிட்யூட் அளவுக்குச் சிவப்பேற்றம் இருக்குன்னாங்க. 2008-ல போவி, ஹாக், மூஸ்டகாஸ் குவேசாருக்குப் பதிலா பின்னணியில இருக்கிற வயசான கேலக்ஸிகளை எடுத்துப் பார்த்தாங்க. கிட்டத்துக் கொத்துகள்ல ஆயிரத்துல 3-ஐத் தாண்டாதுன்னு வந்துச்சு. ஸ்விக்கி சொன்ன 0.4 எங்கே, இது எங்கே பாருங்க.

இரவுக்காவல்:

தூரநோக்கி அண்ணே, இவ்வளவு சின்ன அளவுன்னா அடுக்கும்போது தப்பு நடந்தா தெரியுமா? 0.003-ங்கிறது கருவி பண்ற கோளாறா இருக்க வாய்ப்பில்லையா?

தூரநோக்கி:

எனக்கே நடந்துச்சு, சொல்றேன். எம்.எஸ்சி. படிக்கும்போது பொதுவெளியில கிடைக்கிற தரவை எடுத்து இதே வேலையைச் சின்ன அளவுல செஞ்சேன். பின்னணி கேலக்ஸிகளை எடுத்து, கொத்து மையத்திலிருந்து தூரத்தை எக்ஸ் அச்சுல, நிறத்தை ஒய் அச்சுல போட்டேன். மையத்தை நோக்கிப் போகப்போக நிறம் அழகா சிவப்பாகுது. அப்படி ஒரு சீரான வளைவு! பிரிண்ட் எடுத்து ஹாஸ்டல் ரூம் சுவத்துல ஒட்டி வெச்சேன். மூணு வாரம் தினமும் தூங்கப்போறதுக்கு முன்னாடி அதைப் பார்ப்பேன்.

வழிகாட்டி, இதே நிரலை வானத்துல கொத்தே இல்லாத இடங்கள்ல ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன், நேர்கோடு. எனக்கு இன்னும் நம்பிக்கை கூடிருச்சு. அப்பதான் அவர் அடுத்ததைக் கேட்டார்: “நீ பின்னணின்னு எடுத்தது எல்லாம் உண்மையிலேயே பின்னணிதானா?” நான் தூரத்தைக் கணிச்சது நிறத்தை வெச்சு. அந்தக் கணிப்புல பிழை வந்தா, கொத்துக்குள்ளேயே இருக்கிற கேலக்ஸி கொஞ்சம் பின்னால தள்ளி விழும். கொத்துக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் சிவப்பான நீள்வட்ட கேலக்ஸிகள். மையத்துலதான் அதுங்க கூட்டமா இருக்கும். அப்போ மையத்துல சிவப்பு கூடத்தானே செய்யும்! நிறமாலையால தூரம் உறுதியானதை மட்டும் வெச்சு மறுபடி ஓட்டினேன். வளைவு காணாமப் போச்சு. அதை சுவத்துலருந்து நானே கிழிச்சேன்.

இதுல கவனிக்க வேண்டியது, கொத்தில்லாத இடத்துல ஓட்டின சோதனை இந்தத் தப்பைக் காட்டவே இல்லை. கொத்தில்லாத இடத்துல கொத்து உறுப்பினர் எங்கிருந்து வருவாங்க? இதே மாதிரி இன்னொன்னும் இருக்கு. கொத்து மையத்துல, எந்தக் கேலக்ஸியையும் சேராம திரியிற விண்மீன்களோட மெல்லிய ஒளி ஒன்னு பரவிக் கிடக்கும். அதுவும் சிவப்பு. வான ஒளியைக் கழிக்கும்போது அதைச் சரியாக் கழிக்கலைன்னா, பின்னால இருக்கிற எல்லாத்து மேலயும் சிவப்புச் சாயம் பூசின மாதிரி ஆயிரும்.

பால்வீதித் தூசியைப் பத்திக் கேட்டீங்களே, அது இன்னும் மோசம். கோமா இருக்கிறது பால்வீதியோட வடதுருவத்துக்குப் பக்கத்துல. நம்ம தட்டிலிருந்து நேரா மேல பார்க்கிற மாதிரி, அதனால வானத்துலயே சுத்தமான ஜன்னல்கள்ல ஒன்னு. அங்கேகூட நம்ம தூசியோட நிறமிகை 0.01 பக்கம் வரும். தேடுற அளவைவிடப் பெருசு! அதைக் கழிக்க 1998-ல வந்த ஷ்லேகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் தூசி வரைபடத்தைத்தான் எல்லாரும் எடுப்பாங்க. அந்த வரைபடமே 100 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியிலிருந்து செஞ்சது. தூரத்துக் கேலக்ஸிகளும் அதே 100 மைக்ரான்ல ஒளி விடும். அந்த ஒளி வரைபடத்துக்குள்ள கலந்திருந்தா, அதை நம்ம தூசின்னு நினைச்சு அதிகமா கழிச்சுடுவோம். பின்னால இருக்கிறது இருக்கிறதைவிட நீலமா மாறிரும். தேடுற பொருளையே தேடுறதுக்கு முன்னாடி துடைச்சு எறிஞ்ச கதை.

மணல்கடிகாரம்:

இரவுக்காவல் கேட்ட முதல் கேள்வி அப்படியே நிக்குது, அதை நான் எடுத்துக்கிறேன். தூசி எப்படி மிஞ்சும்?

சூட்டுல உருகுது, ஆவியாகுதுன்னு நினைச்சா அது தப்பு. 10 கோடி டிகிரின்னாலும் அந்த வாயு அவ்வளவு மெல்லிசு. கோமா மையத்துலயே ஒரு கன மீட்டருக்குச் சில ஆயிரம் துகள்தான். தூசித்துகள் ஒன்னு அங்கே மிதந்தா, மேல வந்து மோதுற எலக்ட்ரான்களால சூடாகும், ஆனா உடனே அகச்சிவப்பா ஒளிவிட்டு ஆறிடும். அதோட வெப்பநிலை இருபது முப்பது கெல்வின்தான். உறைபனியைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அதைக் கொல்றது சூடு இல்லை, அடி. வேகமா வர்ற புரோட்டானும் ஹீலியம் கருவும் துகளோட மேற்பரப்புல மோதி ஒவ்வொரு அணுவா தட்டிப் பெயர்த்து எடுக்குது. கல்லுளி வெச்சுக் கொத்துற மாதிரி, விடாம. இதை ஸ்பட்டரிங்னு சொல்வாங்க. 1979-ல டிரெய்னும் சால்பீட்டரும் போட்ட கணக்கைத்தான் இன்னிக்கும் எல்லாரும் வெச்சிருக்கோம்.

அந்தக் கணக்கு: 0.1 மைக்ரான் துகள், கன சென்டிமீட்டருக்கு ஆயிரத்துல ஒரு துகள் அடர்த்தியுள்ள சூடான வாயு. ஆயுள் சுமார் 10 கோடி வருஷம். அடர்த்தி மூணு மடங்கானா ஆயுள் மூணுல ஒரு பங்கு. கொத்தோட விளிம்புல அடர்த்தி பத்துல ஒரு பங்கா குறைஞ்சா ஆயுள் 100 கோடி வருஷம். துகள் பெருசானா அதுக்கேத்த மாதிரி ஆயுளும் நீளும். கொத்தோட வயசோ பல நூறு கோடி வருஷம்.

அதாவது, கொத்து உருவானப்போ இருந்த தூசி இன்னிக்கு மிச்சம் இருக்கவே முடியாது. இன்னிக்கு அங்கே தூசி இருந்தா, அது புதுசா வந்தது. ஓட்டைக் குடத்துல தண்ணி நிக்குதுன்னா மேல யாரோ ஊத்திக்கிட்டே இருக்காங்கன்னுதான் அர்த்தம், இல்லையா? குடத்துல எவ்வளவு நிக்குதுன்னு அளந்தா, எவ்வளவு வேகமா ஊத்துறாங்கன்னு சொல்லிரலாம். எனக்கு இந்த விஷயத்துல இருக்கிற ஈர்ப்பே அதுதான். தூசி எவ்வளவு இருக்குங்கிறதோட நிக்காம, கேலக்ஸிகள் கொத்துக்குள்ள விழும்போது எவ்வளவு வாயுவையும் தூசியையும் இழக்குதுங்கிற வேகத்தையும் அது காட்டுது.

இரவுக்காவல்:

அக்கா, இப்பதான் மண்டைக்குள்ள வெளிச்சம். அடி வாங்கித் தேயுதுன்னு யாரும் இதுவரைக்கும் எனக்குச் சொல்லலை. அப்போ பிளாங்க் கண்டுபிடிச்சது அந்தப் புதுத் தூசியா?

தூரநோக்கி:

அந்த வரியை நான் ஏத்துக்க மாட்டேன். பிளாங்க் குழு 2016-ல வெளியிட்ட கட்டுரையில அப்படிச் சொல்லவே இல்லை.

பின்னணி விளக்கை நம்பாம, தூசியோட சொந்த ஒளியையே பார்க்கிற வழி அது. இருபத்துச் சொச்சம் கெல்வின்ல இருக்கிற தூசி 100லருந்து 200 மைக்ரான் பக்கம் அதிகமா ஒளி விடும். 1983-ல பறந்த ஐராஸ் அகச்சிவப்புச் செயற்கைக்கோளோட தரவை வெச்சு, 2005-ல மோன்டியேவும் ஷியாரும் 11,000-க்கும் மேற்பட்ட கொத்துகளை அடுக்கி அகச்சிவப்பு ஒளியைப் பார்த்தாங்க. ஆனா ஐராஸ் 100 மைக்ரானோட நின்னுரும். தூசி நிறமாலையோட உச்சி அதைத் தாண்டி இருக்கு. உச்சி தெரியாம வெப்பநிலை தெரியாது, வெப்பநிலை தெரியாம நிறை தெரியாது. பிளாங்க் அந்த உச்சிக்கு மறுபக்கத்தைக் கொடுத்துச்சு. ரெண்டையும் சேர்த்து 645 கொத்துகளை அடுக்கினாங்க. வெப்பநிலை சுமார் 24 கெல்வின், சராசரியா ஒரு கொத்துக்கு 1,000 கோடிச் சூரிய நிறை அளவுக்குத் தூசி, வாயுவோட ஒப்பிட்டா பத்தாயிரத்துல 2 பங்கு. பால்வீதியில இது நூத்துல ஒரு பங்கு பக்கம்.

அவங்களே தெளிவா எழுதியிருக்காங்க: இந்தத் தூசி கேலக்ஸிகளுக்கு நடுவுல இருக்கா, கேலக்ஸிகளுக்குள்ளேயே இருக்கான்னு பிளாங்கால பிரிக்க முடியாதுன்னு. முடியவும் முடியாது. அதோட பார்வை 5 ஆர்க்மினிட் (ஒரு டிகிரியில பன்னிரண்டுல ஒரு பங்கு) அகலம். அந்தக் கொத்துகள் இருக்கிற தூரத்துல அது 40 லட்சம் ஒளியாண்டு. முழுக் கொத்தும் ஒரே புள்ளிக்குள்ள அடங்கிரும். நீங்க படிச்ச கட்டுரையை எழுதினவர் “கொத்துகள்ல தூசி”யை “கேலக்ஸிகளுக்கு இடையே தூசி”ன்னு மாத்திட்டார். அந்த ஒரு சொல்லுலதான் விஷயமே இருக்கு.

மணல்கடிகாரம்:

தூரநோக்கி சொல்றது சரின்னு குடத்துக் கணக்கே காட்டும், போட்டுப் பாருங்க. 1,000 கோடிச் சூரிய நிறைத் தூசியும் கேலக்ஸிக்கு வெளியே, ஆயுள் 10 கோடி வருஷம்னு வெச்சா, வருஷத்துக்கு 100 சூரிய நிறைத் தூசியை யாராவது ஊத்திக்கிட்டே இருக்கணும். தூசி மட்டும் தனியா வராது, நூறு மடங்கு வாயுவோட வரும். வருஷத்துக்கு 10,000 சூரிய நிறை வாயு! எந்தக் கொத்தும் அப்படி நிரம்புறதில்லை. அதே தூசி விளிம்புல இருந்தா பத்துல ஒரு பங்கு போதும், அதுவும் அதிகம்தான். ஆனா பெரிய சுருள் கேலக்ஸி ஒன்னுல சில கோடிச் சூரிய நிறைக்குத் தூசி இருக்கும். இருநூறு சுருள் கேலக்ஸி இருந்தா கணக்கு நேராயிரும், கொத்தோட விளிம்புப் பகுதியெல்லாம் சேர்த்தா அது நடக்கக்கூடிய எண்ணிக்கைதான். அதனால பிளாங்க் பார்த்ததுல பெரும்பங்கு கேலக்ஸிகளுக்குள்ளேயே இருக்கிற சாதாரணத் தூசின்னுதான் நானும் நினைக்கிறேன்.

கண்ணாடிவில்லை:

கோமாவையே நேராகப் பார்த்தவர்களும் உண்டு, அதையும் சேர்த்துக்கொள்வோம். ஐரோப்பாவின் ஐசோ தொலைநோக்கி, கோமாவுக்குக் குறுக்கே 120, 180 மைக்ரான் இரண்டிலும் ஒரு கோடு போட்டாற்போல் அளந்தது. மையத்தில் இரண்டின் விகிதம் மாறுகிறது, அங்கே தூசி இருக்கிறது என்று 1998-இல் ஸ்டிக்கலும் கூட்டாளிகளும் எழுதினார்கள். அதே குழு 2002-இல் ஆறு கொத்துகளைப் பார்த்தபோது கோமாவைத் தவிர எதிலும் கிடைக்கவில்லை. பிறகு கிதயாமா குழு ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு கோமாவை இன்னும் கூர்மையாகப் பார்த்தது. 2009-இல் வந்த முடிவு: மையத்தின் மூன்று லட்சம் ஒளியாண்டுக்குள் தூசி தென்படவில்லை, இருந்தாலும் வாயுவில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆனால் கன்னிக் கொத்தில் நிலைமை வேறு. 2020-இல் லோங்கோபார்டி, போசெல்லி முதலானோர், கன்னிக் கொத்துக்குப் பின்னால் இருக்கும் கேலக்ஸிகள் 0.04 மேக்னிட்யூட் அளவுக்குச் சிவந்திருப்பதாக எழுதினார்கள். தூரநோக்கி சொன்ன சராசரிகளைவிடப் பத்து மடங்கு! கன்னியின் வாயு கோமாவைவிடக் குளிர்ச்சி, இரண்டு மூன்று கோடி டிகிரிதான். அங்கே தூசி அதிக நாள் பிழைப்பது இயல்புதானே?

மணல்கடிகாரம்:

ஐயா, அந்தக் காரணம் நிக்காது. ஸ்பட்டரிங் வேகம் சில பத்து லட்சம் டிகிரியைத் தாண்டிட்டா கிட்டத்தட்ட மாறவே மாறாது. மூணு கோடியும் பத்து கோடியும் தூசிக்கு ஒன்னுதான். அடர்த்திதான் தீர்மானிக்கும். ஆனா கன்னிக்கு வேற காரணம் சொல்லலாம். அது இன்னும் ஒழுங்காகாத, இப்பவும் கேலக்ஸிகள் கூட்டங்கூட்டமா விழுந்துக்கிட்டிருக்கிற இளம் கொத்து. எம் 86, என்ஜிசி 4438-ங்கிற ரெண்டு கேலக்ஸிகளை இணைக்கிற நீண்ட வாயு இழை தெரியுது, எம் 86 பக்கம் தூசியையே ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி காட்டியிருக்கு. ஊத்துற வேகம் அங்கே அதிகம். அதனால அந்த முடிவை நான் ஒதுக்க மாட்டேன்.

தூரநோக்கி:

நான் இன்னும் தயங்குறேன். கன்னித் திசையில நம்ம பால்வீதியோட மெல்லிய தூசி மேகங்கள், பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி, நிறைய இருக்கு. ஆழமான படங்கள்ல கண்ணாலயே தெரியும். அவங்க அதைக் கழிச்சுட்டுத்தான் சொல்றாங்க, ஒத்துக்கிறேன். ஆனா மேகம் சின்னச்சின்னதா சுருண்டிருக்கும்போது ஐராஸோட மொத்தமான வரைபடத்தை வெச்சுக் கழிச்சா மிச்சம் நிக்கும். கோமா திசையில அந்தத் தொல்லை குறைவு, அங்கே ஒன்னும் கிடைக்கலை. கன்னியில தொல்லை அதிகம், அங்கே கிடைக்குது. இதுதான் என்னை உறுத்துது. சுவத்துல ஒட்டின வளைவு ஞாபகம் வருது.

மணல்கடிகாரம்:

உறுத்தல் நியாயம். ஆனா எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடறேன். நிறத்தை மட்டும் பார்த்து “தூசி இல்லை”ன்னு சொல்றதும் முழுசா நம்பத்தக்கது இல்லை. சின்னத் துகள்தான் முதல்ல தேஞ்சு அழியும்னு சொன்னேனில்லையா? மிஞ்சுறது பெருசு. பெரிய துகள் நீலத்தையும் சிவப்பையும் ஏறக்குறைய ஒரே அளவுல மறைக்கும். ஒளி மங்கும், ஆனா சிவக்காது. போகிப் புகையில சிவக்கிற விளக்கு, மார்கழிப் பனிமூட்டத்துல வெள்ளையாவே மங்குது பாருங்க, அது மாதிரி. அப்படிச் சாம்பல் நிறத் தூசி கொத்துக்குள்ள இருந்தா, உங்க 22,500 குவேசாரும் அதைப் பார்க்காது. நிறமிகையை மூணால பெருக்கினா மங்கல் வரும்ங்கிறது பால்வீதித் தூசிக்குப் போட்ட கணக்கு.

தூரநோக்கி:

ஆமா, அது உண்மை. அதுக்குத்தான் சொந்த ஒளியை அளக்கிற வழி வேணும். துகள் சாம்பலா இருந்தாலும் சூடானா ஒளி விட்டே ஆகணும். ஆனா இன்னிக்கு அந்த அலைநீளத்துல வானத்துல கருவியே இல்லை. ஹெர்ஷெலைக் குளிர்விச்ச ஹீலியம் 2013 ஏப்ரல்ல தீர்ந்துபோச்சு, விமானத்துல பறந்த சோஃபியா தொலைநோக்கியை 2022-ல நிறுத்திட்டாங்க. பிரைமான்னு ஒரு அகச்சிவப்பு விண்கலத் திட்டத்தை நாசா 2024-ல முதற்கட்ட ஆய்வுக்கு எடுத்திருக்கு. அது தேறணும்னு மனசார ஆசைப்படுறேன். நிறத்தை அளக்கிற பக்கம் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி 2023-லருந்து மேல இருக்கு. ரூபின் தொலைநோக்கி 2025 ஜூன்ல முதல் படமா காட்டினதுலயே கன்னிக் கொத்தோட ஒரு பகுதி இருந்துச்சு. என்னோட தயக்கம் சரியா தப்பான்னு அந்தத் தரவு சொல்லிரும். தப்புன்னு வந்தா இங்கேயே வந்து எழுதுவேன்.

நீலமலை:

இவ்வளவு மெனக்கெட்டு ஆயிரத்துல 3 அளவைப் பிடிச்சு என்ன ஆகப்போகுதுன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? நான் கேட்கலை, எங்க வீட்ல கேட்கிறாங்க.

கண்ணாடிவில்லை:

இரண்டு சொல்லுங்கள் அம்மா. பிளாங்க் போன்றவை கொத்துகளைக் கண்டுபிடிப்பது, அவற்றின் சூடான வாயு பிரபஞ்சப் பின்னணி ஒளியில் ஏற்படுத்தும் சிறு மாற்றத்தை வைத்து. கொத்தின் தூசி அதே அலைவரிசையில் ஒளிவிட்டால் அந்த மாற்றம் நிரம்பிப்போய், கொத்தே பட்டியலில் விட்டுப்போகும் அல்லது நிறை தவறாக வரும். கொத்துகளை எண்ணித்தான் பிரபஞ்சத்தில் பருப்பொருள் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். அடுத்தது உலோகம். கொத்து வாயுவில் சூரியனில் இருப்பதுபோல் மூன்றில் ஒரு பங்கு இரும்பு இருப்பதை எக்ஸ் கதிரில் பார்க்கிறோம். அதெல்லாம் ஒருகாலத்தில் விண்மீன்களுக்குள் சமைந்தது. கேலக்ஸிகளை விட்டு அது எப்படி வெளியே வந்தது என்பதற்குத் தூசி ஒரு சாட்சி.

இரவுக்காவல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி கோமாவுல இருக்கிற என்ஜிசி 4921-ஓட ஹபிள் படத்தை முழு அளவுல திறந்து பார்த்தேன். வெளிறிப்போன சுருள் கேலக்ஸி. ஒரு விளிம்புல மட்டும் தூசி வரப்பு கட்டின மாதிரி ஒதுங்கி நிக்குது, கால்வட்டம் நீளத்துக்கு. அதைப் பெருசாக்கினா வரப்புலருந்து மெல்லிசா இழைகள் தொங்குது, தலைப்பிரட்டை மாதிரி, சில இழையோட தலையில நீலமா விண்மீன் பொட்டு. ஊத்துற இடம்னு அக்கா சொன்னது இதுதானா?

மணல்கடிகாரம்:

அதேதான் தம்பி. கேலக்ஸி கொத்துக்குள்ள விழுகிற திசையில எதிர்க்காத்து அடிச்சு, வாயுவையும் தூசியையும் சுருட்டிக் கொண்டுவந்து ஒதுக்கின வரப்பு அது. அடர்த்தியான மேகம் மட்டும் நகர மறுத்து அங்கேயே நிக்குது, மெல்லிசானது பின்னால பறக்குது, அதான் தலையும் வாலுமா தெரியுது. குளிர்ந்த மேகத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் தூசி பத்திரம். மேகம் கலைஞ்சு சூடான வாயுவுல கலந்துட்டா, கோமாவோட உள்பகுதி அடர்த்திக்கு மூணு கோடி வருஷம்தான் ஆயுள். நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்துல போனாலும் அதுக்குள்ள ஒரு லட்சம் ஒளியாண்டுதான் போகும், நம்ம பால்வீதித் தட்டோட அகலம் மாதிரி. அதனாலதான் கேலக்ஸியை விட்டு எட்டப் போனதும் யாருக்கும் கிடைக்க மாட்டேங்குது.

தூரநோக்கி:

அந்தப் படத்துலயே உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. அது மஞ்சள், அண்மை அகச்சிவப்புன்னு ரெண்டு வடிகட்டியில எடுத்தது, மஞ்சள்ல 17 மணி நேரம், மத்ததுல 10 மணி நேரம். என்ஜிசி 4921-ஓட தட்டு வழியாவும், அதைச் சுத்தியும், பின்னால இருக்கிற தூரத்துக் கேலக்ஸிகள் ஏராளமா தெரியும். மூலத் தரவு பொதுவெளியில இருக்கு. தூசி வரப்பு இருக்கிற பக்கம் ஒரு பட்டை, நேர் எதிர்ப்பக்கம் ஒரு பட்டை, கேலக்ஸிக்கு ரொம்பத் தள்ளி ஒரு பட்டை எடுத்துக்கங்க. ஒவ்வொன்னுலயும் பின்னணி கேலக்ஸிகளோட நிறத்தை அளந்து போடுங்க. என்ஜிசி 4921-ஓட சொந்த ஒளியை முதல்ல கழிக்க மறக்காதீங்க, இல்லைன்னா என் சுவத்து வளைவுதான் உங்களுக்கும் வரும். நிரல் வேணும்னா தர்றேன்.

இரவுக்காவல்:

இறக்கிக்கிட்டிருக்கேன் அண்ணே. மஞ்சள் வடிகட்டிக் கோப்பு வந்துருச்சு, ரெண்டாவது ஓடுது. நிரலை அனுப்புங்க.